விழுகிறவள்

நீடாமங்கலம் கேட் போட்டால் இருபது நிமிஷம்.
அருள்சாமி சார் அந்தப் பக்கம் பைக்கில் நிற்பார்.
அவர் வந்து சேர்வதற்குள் தையல்நாயகி
என்னை முப்பது தடவை தூக்கிப் போட்டிருப்பாள்,
இந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில்,
உமி பரப்பி, தார்ப்பாய் விரித்து, அதன்மேல்
பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய ஆறு பாய்களில்.

அவள் எறிகிறவள். நான் விழுகிறவள்.
யாரும் அப்படிப் பிரித்து வைக்கவில்லை.
அவளுக்கு மாவட்டப் பதக்கம் வந்தது.
அவள் பழக ஓர் உடம்பு வேண்டியிருந்தது.
ஐம்பத்தோரு கிலோ நானூறு கிராமில்
என்னிடம் ஒன்று இருந்தது.

விழுவதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.
மோவாய் நெஞ்சில் ஒட்ட வேண்டும்.
மூச்சை முன்னாலேயே விட்டுவிட வேண்டும்.
முதுகு போய்ச் சேருமுன் கை போய்த் தரையை அறைய வேண்டும்,
பழைய பாக்கி இருப்பதுபோல.
கையை ஊன்றக் கூடாது.
ஊன்றத்தான் தோன்றும்.
ஊன்றக் கூடாது.

கூரையில் பதினொரு தகடு.
ஏழாவதில் ஒரு ஓட்டை, அதில் கொஞ்சம் வானம்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்றைக்கும்
நடவுக்கு ஆள் கிடைக்காத வாரத்திலும்
வெளியே என்ன நடக்கிறதென்று
அந்த ஓட்டைதான் எனக்குச் சொன்னது.

அப்பா மூட்டை தூக்குகிறவர்.
ஒரு சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தார்.
"இடுப்பைக் குடுத்துத்தானே தூக்குறா, நாங்களும் அப்படித்தான்."
பீடி பற்றவைத்தார்.
"என்ன ஒண்ணு, மூட்டை நம்ம சட்டையைப் புடிக்காது."

மாநிலத் தேர்வு தஞ்சாவூரில்.
ஐம்பத்திரண்டு கிலோவில் மொத்தம் ஐந்து பேர், ஒரே இடம்.
இரண்டு பேரை எடைமேடையே திருப்பி அனுப்பியது.
ஒருத்தியைத் தையு பதினான்கு நொடியில் முடித்தாள்.
எனக்கு எதிராளியே இல்லை,
சும்மா உட்கார்ந்திருந்து இறுதிக்கு வந்துவிட்டேன்.

காலையில் ஒரே சீட்டில்தான் வந்தோம், இருவரும் பட்டினி.
அம்மாப்பேட்டையில் வாங்கிய கடலைமிட்டாயை
உறை பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.
"ஜெயிச்சதும் திங்கலாம்" என்றாள்.
யார் என்று சொல்லவில்லை.

எறிவதற்கு முன்னால்
அவளுடைய இடது சுண்டுவிரல் என் காலரில்
ஒருமுறை தளரும். பிறகு இறுகும்.
அவளுக்கே தெரியாது. சாருக்கும் தெரியாது.
என் காறை எலும்புக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

தளர்ந்தது.

யோசித்தேன் என்றால் பொய்.
அவள் திரும்பி உள்ளே வரவேண்டிய இடத்தில்
என் இடுப்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.
எவ்வளவு லேசாக இருந்தாள்!
நானும் அவளுக்கு இப்படித்தான் இருந்திருப்பேனா,
தினமும், இவ்வளவு லேசாக?

விழும் முகத்தை அன்றுதான் மேலிருந்து பார்த்தேன்.
பயமில்லை அதில்.
வீட்டைப் பூட்டினோமா என்று
பாதி வழியில் வருமே, அந்தச் சந்தேகம்.
பிறகு அவள் கையை ஊன்றினாள்.

பாய் அறைபடும் சத்தம் வரவில்லை.
பச்சை மட்டை ஒடிவதுபோல் வேறொன்று வந்தது.
நடுவர் கையை உயர்த்தி, இப்போன் என்றார்.
என்னை நோக்கித்தான் சொன்னார்.

மெடிக்கல் காலேஜில் எக்ஸ்ரே வரிசை.
தோள் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தவள்
பையைக் கண்ணால் காட்டி, "உடை" என்றாள்.
உடைத்தேன். பெரிய துண்டு அவளுக்குப் போயிற்று,
வேண்டுமென்று செய்யவில்லை.

சேலத்துக்கு இனி நான் போக வேண்டும்.
பதினெட்டு நாள் இருக்கிறது.
யாரை வைத்துப் பழகுவது என்று
சார் போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ விழும்போது எங்கடி பாப்ப?"
"ஏழாவது தகட்டுல ஓட்டை இருக்குல்ல, அதை."
மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.
"எந்த ஓட்டை?"